சிகரெட் லைட்டர் துளையும் ஒரு குட்டி ஃபியூஸும்

ஓர் ஆள் கொஞ்சம் மந்தமாக இருந்தால் "பீஸ் போன பல்பு" என்று கிண்டல் செய்வது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். ஃபியூஸ் என்ற சொல் பேச்சில் பீஸ் ஆகிவிட்டது. "பீஸ் போச்சு" என்றால் கதை முடிந்தது, இனிமேல் உதவாது என்று அர்த்தம். ஆனால் ஃபியூஸ் விஷயத்தில் இந்த அர்த்தம் அப்படியே தலைகீழ்! போன ஃபியூஸ் தன் கடமையை ஒழுங்காகச் செய்து முடித்த ஃபியூஸ். போக வேண்டிய நேரத்தில் போகாமல் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள காருக்குள் இருக்கும் ஒரு சின்னத் துளையின் வரலாறு போதும். டாஷ்போர்டில் கியர் கம்பிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நுழையும் அளவில் ஒரு வட்டத் துளை இருக்கும். செல்போன் சார்ஜரைச் செருகுகிற 12 வோல்ட் சாக்கெட் அதுதான். நீண்ட பயணத்தின் நடுவில் திடீரென்று அதில் சார்ஜ் ஏறாது. மெக்கானிக்கிடம் போனால் "ஃபியூஸ் போயிருக்கு சார்" என்று ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார். நான்கு நாள் கழித்து மறுபடியும் போகும். மூன்றாவது தடவை கூட இருக்கும் நண்பர் ஒருவர் யோசனை சொல்வார்: "இதைவிடப் பெரிய ஃபியூஸா வாங்கிப் போட்டுடு. அப்புறம் போகவே போகாது!"

அந்த நண்பர் சொல்வது உண்மைதான். ஃபியூஸ் போகாது. அதற்குப் பதிலாக வேறொன்று போகும். அது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால், தந்திக் காலத்துக்குப் போக வேண்டும்.

தந்திக் கம்பியில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பா முழுவதும் தந்திக் கம்பிகள் இழுக்கப்பட்டன. ஊருக்கு ஊர், கம்பத்துக்குக் கம்பம், வெட்டவெளியில் ஓடும் நீளமான உலோகக் கம்பி... இடி விழுவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? எங்கோ வயல்வெளியில் விழுந்த மின்னல் கம்பி வழியாகவே ஓடிவந்து தந்தி நிலையத்துக்குள் புகுந்து கருவிகளைக் கருக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊழியரின் உயிருக்கும் ஆபத்து.

1847ல் பிரான்சைச் சேர்ந்த லூயி பிரெகே என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். புகழ்பெற்ற கடிகாரக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். வெளியிலிருந்து வரும் தடித்த கம்பிக்கும் நிலையத்துக்குள் இருக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு துண்டு மெல்லிய கம்பியை வைக்கச் சொன்னார். அளவுக்கு மீறி மின்சாரம் வந்தால் முதலில் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். பாதை துண்டிக்கப்படும். கருவியும் ஆளும் தப்பிப்பார்கள். மின்னல் ஓய்ந்த பிறகு புதிய துண்டுக் கம்பியைக் கட்டினால் போதும்.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒரே மின்னோட்டம் தடித்த கம்பியிலும் மெல்லிய கம்பியிலும் ஓடும்போது மெல்லியதுதான் முதலில் சூடேறி உருகும்.

எடிசனுக்கும் இதே பிரச்சினை வந்தது. வீடுகளுக்கு மின்விளக்குப் போடுவதென்றால் மரச் சுவர்களுக்குள் கம்பி ஓட வேண்டும். எங்காவது இரண்டு கம்பி உரசிக்கொண்டால் வீடே பற்றிக்கொள்ளும். 1880ல் விளக்குகளுக்கான 'பாதுகாப்புக் கடத்தி' ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். 1882ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1890ல் ஃபியூஸ் கட்டைக்கும் காப்புரிமை வந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் மீட்டர் பெட்டிக்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் இருந்த 'பீஸ் கட்டை' இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

காருக்குள் மின்சாரம்

ஆரம்பகாலக் கார்களில் மின்சாரத்துக்குப் பெரிய வேலை கிடையாது. இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பினார்கள். விளக்குகள் பல கார்களில் அசிட்டிலின் வாயுவில் எரிந்தன. 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கூடவே பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் டைனமோ, மின்விளக்குகள் என்று எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. அன்றிலிருந்து கார் என்பது உருளும் மின்நிலையமும்தான்.

இதில் ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது. வீட்டில் எந்த விளக்குக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி வேண்டும். காரில் போகும் கம்பி மட்டும்தான். திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பே! மெக்கானிக்குகள் 'எர்த்' என்று சொல்வது இதைத்தான். கம்பிச் செலவு பாதி மிச்சம். ஆனால் இந்த மிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. மின்சாரம் ஓடும் கம்பியின் மேலுறை எங்காவது உரசித் தேய்ந்து இரும்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட். ஆடிக்கொண்டும் அதிர்ந்துகொண்டும் ஓடும் ஒரு வண்டியில் உரசுவதற்கு இடமா பஞ்சம்?

"வெறும் 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காது" என்று பலர் நினைப்பதுண்டு. ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும் என்பதற்காகவே கார் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும்படி செய்யப்படுகிறது. அவ்வளவும் ஒரு மெல்லிய வயர் வழியாகப் பாய்ந்தால் வயர் சிவந்து எரியும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் அந்தக் காலத்துக் கார்களில் ஃபியூஸ் மிகக் குறைவு. 1948லிருந்து 1971 வரை தயாரான மோரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இன்றைக்கும் பிரியமாக ஓட்டுகிறார்களே, அதே கார்தான். அதன் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்யும் ஃபியூஸ் இரண்டே இரண்டு! ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஓடுகிற வண்டியில் ஹெட்லைட் திடீரென்று அணைவதைவிட அது பரவாயில்லை என்று நினைத்தார்கள்.

சிகரெட் பற்ற வைக்க ஒரு துளை

இப்போது அந்தத் துளைக்கு வருவோம். அது செல்போனுக்காகப் பிறந்ததில்லை. சுருட்டும் சிகரெட்டும் பற்ற வைப்பதற்காகப் பிறந்தது.

திறந்த காரில் காற்றடிக்கும்போது தீக்குச்சி உரசினால் எப்படிப் பற்றும்? அதுவும் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு! முதலில் வந்த மின்சார லைட்டர்கள் வயரோடு இணைந்தே இருந்தன. டாஷ்போர்டிலிருந்து வயரோடு இழுத்துப் பற்ற வைத்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் வயர் இல்லாமல் தனியாகக் கழற்றி எடுக்கிற லைட்டர் வந்தது. சூடேறுவது துளைக்குள், பற்ற வைப்பது கையில். 1920களின் நடுவிலிருந்து கார் கம்பெனிகளே இதைப் பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தன.

இன்று தெரிந்திருக்கும் வடிவம் 1950களில் முழுமை அடைந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த காஸ்கோ என்ற கம்பெனி அதற்குப் பல காப்புரிமைகள் வாங்கியது. செயல்படும் விதம் ரொம்ப எளிமை. குமிழை உள்ளே அழுத்தினால் அதன் நுனியில் இருக்கும் சுருளை, துளையின் அடியில் உள்ள இரண்டு பட்டைகள் கவ்விக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்து சுருள் சிவக்கும். அந்தப் பட்டைகள் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தவை. சூடேறியதும் வளைந்து பிடியை விடும். ஸ்பிரிங் தள்ள, குமிழ் 'டக்' என்று வெளியே வரும்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மின்சாரம் ஓடுவது சில நொடிகள் மட்டும். இரண்டாவது, துளையின் நடுப்புள்ளி நேர்மின்முனை, சுற்றுச்சுவர் எர்த். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இடைவெளி மட்டுமே. மூன்றாவது, வேலை முடிந்ததும் செருகியதை வெளியே தள்ளுவதற்காகவே வடிவமைத்த துளை இது. உள்ளே செருகியதை மணிக்கணக்கில் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் நோக்கமே இதற்குக் கிடையாது.

புகை போனது, துளை நின்றது

1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் புகைப்பழக்கம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அது வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகு வந்த பல ஆண்டுகளில் அங்கே புகைப்பவர்கள் விகிதம் படிப்படியாகக் குறைந்தது. லைட்டரும் சாம்பல் கிண்ணமும் மெல்ல மெல்லக் காரிலிருந்து மறைந்தன.

ஆனால் துளை மறையவில்லை. அதற்குள் அதற்கு வேறு வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டார்கள்!

1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974ல் அமெரிக்காவில் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல் என்று கட்டுப்படுத்தப்பட்டது. பெட்ரோல் எங்கே கிடைக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சி.பி. ரேடியோக்கள் சக்கைப்போடு போட்டன. லாரியிலிருந்து கார்களுக்கும் அவை பரவின. வயரை வெட்டி ஒட்டாமல் சட்டென்று இணைக்க எல்லா வண்டியிலும் ஏற்கனவே தயாராக இருந்த ஒரே இடம் லைட்டர் துளை.

1983ல் மோட்டோரோலாவின் டைனாடாக் கைபேசி விற்பனைக்கு வந்தது. சுமார் அரை மணி நேரம் பேச, பத்து மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்! காரில் சார்ஜ் ஏற்றும் தேவை அடுத்தடுத்து வந்த செல்போன்களோடு வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. துல்லியம் பல மடங்கு கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடியில் ஒட்டும் வழிகாட்டிக் கருவிகள் பெருகின. 2004ல் வந்த டாம்டாம் கோ இதில் பிரபலமானது. எல்லாமே கடைசியில் வந்து செருகிக்கொண்டது அதே துளையில்.

பொருளாதாரத்தில் இதைப் 'பாதைச் சார்பு' என்பார்கள். 1985ல் பால் டேவிட் என்ற பொருளாதார அறிஞர் தட்டச்சு விசைப்பலகையை உதாரணமாக வைத்து இதை விளக்கினார். ஆரம்பத்தில் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு வடிவம் வருகிறது. எல்லோரும் அதற்குப் பழகிவிடுகிறார்கள். பிறகு அதைவிட நல்லது வந்தாலும் மாற்றுவதற்கு ஆகும் செலவை யாரும் ஏற்கத் தயாரில்லை. லைட்டர் துளைக்கும் இதே கதைதான். கார் தயாரிப்பவர் துளையை வைத்தார், ஏனென்றால் சந்தையில் எல்லாப் பிளக்கும் அந்த அளவில் இருந்தன. பிளக் தயாரிப்பவர் அந்த அளவில் செய்தார், ஏனென்றால் எல்லாக் காரிலும் அந்தத் துளை இருந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் இதன் அளவுகளுக்கு ஒரு தரநிலையையும் வகுத்தது.

சில நொடி வேலைக்குச் செய்த துளை மணிக்கணக்காக உழைக்க ஆரம்பித்தது. அந்த மாற்றத்தின் சுமை எல்லாம் யார் தலையில் விழுந்தது? ஃபியூஸ் தலையில்தான்.

நீளத்திலிருந்து நிறத்துக்கு

கார் ஃபியூஸுக்கும் தனி வரலாறு உண்டு. 1927ல் சிகாகோவில் எட்வர்ட் சண்ட் என்பவர் லிட்டில்ஃபியூஸ் கம்பெனியைத் தொடங்கினார். சோதனை மீட்டர்கள் அடிக்கடி கருகிப்போவதைத் தடுக்க, சட்டென்று அறுந்துவிடும் மிகச் சிறிய ஃபியூஸ் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். பின்னாளில் கார் ஃபியூஸிலும் இந்தக் கம்பெனி பெரிய பெயரானது.

அப்போதைய கார் ஃபியூஸ் என்பது ஒரு சிறு கண்ணாடிக் குழாய். இரண்டு பக்கமும் உலோக மூடி, நடுவில் மெல்லிய பட்டை. அமெரிக்கக் கார்களில் எஸ்.எஃப்.இ. என்ற வகை பரவலாக இருந்தது. அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஆம்பியர் கூடக் கூட ஃபியூஸின் நீளமும் கூடும்! 9 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகலாம் என்றால் நீளம் இடிக்கும், உட்காராது. தப்பு செய்ய நினைத்தாலும் வடிவமே விடாது.

பிரிட்டிஷ் கார்களில் வேறு ஒரு குழப்பம் இருந்தது. லூகாஸ் கம்பெனியின் ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் 35 ஆம்பியரில் அறுந்துபோகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்கக்கூடியது அதில் ஏறக்குறைய பாதிதான். அமெரிக்க ஃபியூஸில் எழுதும் எண்ணோ, அது தாங்கக்கூடிய அளவைக் குறிக்கும். இது தெரியாமல் பழைய பிரிட்டிஷ் காரில் அமெரிக்க 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகக் குறைந்துவிடும். ஒரே எண், இரண்டு அர்த்தம்!

1976ல் லிட்டில்ஃபியூஸ் புதிய வகை ஒன்றைக் கொண்டுவந்தது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு தட்டையான கால்கள், உள்ளே வளைந்த உலோகப் பட்டை. உடையாது, துருப்பிடித்த மூடி என்ற தொல்லை கிடையாது. ஆம்பியரை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 10 என்றால் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. இதே நிறங்கள் உலகத் தரநிலையிலும் இடம்பெற்று இன்று எல்லா நாட்டுக் கார்களிலும் பொதுவாகிவிட்டன.

வசதி பெருகியது. ஆனால் ஒன்று கைவிட்டுப் போனது. சிவப்புக்கும் பச்சைக்கும் கால்களின் அளவு ஒன்றே! 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு வடிவம் செய்த காவலை இப்போது மாற்றுகிறவரின் கண்ணும் புத்தியும்தான் செய்ய வேண்டும். "பெரிய ஃபியூஸா போட்டுடு" என்ற யோசனை பலிப்பது இதனால்தான்.

பெரிய ஃபியூஸ் போட்டால் என்ன ஆகும்?

கார் கம்பெனி ஃபியூஸின் அளவை எப்படி முடிவு செய்கிறது? சாக்கெட்டுக்குப் போகும் வயர் எவ்வளவு மின்னோட்டத்தை ஆபத்தில்லாமல் தாங்கும் என்பதைப் பார்த்துத்தான். ஃபியூஸ் காப்பாற்றுவது முதலில் அந்த வயரை. சார்ஜரைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை.

15 ஆம்பியர் ஃபியூஸுக்குத் தகுந்த வயர் போட்ட காரில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், வயர் 25 ஆம்பியரில் தவிக்கும்போதும் ஃபியூஸ் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். வெப்பத்தின் இருமடிக் கணக்கு நினைவிருக்கிறதா? 15லிருந்து 25க்கு ஏறினால் வயரில் உண்டாகும் சூடு சுமார் 2.8 மடங்கு. மேலுறை இளகும், பக்கத்து வயரோடு ஒட்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக்குக்கும் துணிக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இது நடக்கும். அதாவது, ஃபியூஸின் வேலையை வயர் செய்ய ஆரம்பிக்கும். உருகும் இடம் ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்க வேண்டியது போய் காருக்குள் எங்கோ இருக்கும்.

வீட்டிலும் இதே தப்பு நடந்திருக்கிறது. பீஸ் கட்டையில் மெல்லிய கம்பி அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைக் கட்டிவிடுவார்கள். கண்ணாடி ஃபியூஸ் காலத்தில் கார்களில் செய்த வித்தை இன்னும் வேடிக்கை. போன ஃபியூஸைச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளில் சுற்றி அப்படியே திருப்பிச் செருகுவார்கள். சிகரெட்டுக்காக வந்த துளையின் காவலைச் சிகரெட் தாளே ஒழித்துக்கட்டியது!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒரு பழமொழி உண்டு. ஃபியூஸைக் குறை சொல்வதும் அப்படித்தான். எய்தவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எய்தவனைக் கண்டுபிடிப்பது எப்படி?

அனுபவமுள்ள மெக்கானிக் ஃபியூஸைக் கழற்றியதும் தூக்கி எறிய மாட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே பட்டை நடுவில் அமைதியாக உருகி விலகியிருந்தால் அளவுக்கு மேல் சுமை நெடுநேரம் ஓடியிருக்கலாம். பிளாஸ்டிக் உள்ளே கறுத்து, உலோகம் தெறித்திருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும்.

அடுத்த கேள்வி, எப்போது போனது? இதில் மூன்று நிலை.

ஒன்று, எதையும் செருகாமல் இருக்கும்போதே புது ஃபியூஸும் உடனே போனால் குற்றவாளி சாக்கெட்டோ அதன் வயரோதான். முதலில் பார்க்க வேண்டியது துளைக்குள். மேல்நோக்கித் திறந்திருக்கும் துளைக்குள் சில்லறைக் காசு, பேப்பர் கிளிப், சாக்லேட் தாள் என்று எது வேண்டுமானாலும் விழும். நடுப்புள்ளிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு காசு பாலம் போட்டால் அடுத்த கணம் ஃபியூஸ் காலி. எடுப்பதற்கு முன் சாவியை அணைத்து, ஃபியூஸையும் கழற்றிவிட வேண்டும். சில கார்களில் சாவி இல்லாமலும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். இடுக்கியை அப்படியே உள்ளே விட்டால் இடுக்கியே பாலமாகிவிடும். துளை சுத்தமாக இருந்தும் ஃபியூஸ் போனால், வயர் எங்கோ உரசி இரும்பைத் தொடுகிறது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

இரண்டு, ஒரு குறிப்பிட்ட பிளக்கைச் செருகிய நொடியே போனால் அந்தப் பிளக்கின் மேல் சந்தேகப்பட வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். சாதாரண செல்போன் சார்ஜர் இழுப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆம்பியருக்குள்தான். ஒழுங்கான சார்ஜர் தன் வேலையைச் செய்வதால் மட்டும் 15 ஆம்பியர் ஃபியூஸ் போகவே முடியாது. போனால் அது ஷார்ட். மட்டமான பிளக் உள்ளேயே பழுதாகியிருக்கலாம். அல்லது லைட்டர் வகைத் துளையின் அடியில் இருக்கும் அந்த இரண்டு பட்டைகளைப் பிளக்கின் நுனி வளைத்துவிட்டு, பட்டை சுவரைத் தொட்டிருக்கலாம். பட்டைகள் நேர்மின்முனை, சுவர் எர்த்... விளைவு தெரிந்ததே. புகைப்பவருக்காக வைத்த உறுப்பு புகைக்காதவரின் ஃபியூஸைப் பறிக்கும் விசித்திரம் இது!

மூன்று, சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் போனால் அது சுமை. டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு, இன்வெர்ட்டர், சூடாக்கும் கருவிகள் எல்லாம் பத்து ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடியவை. பல கார்களில் முன் சாக்கெட்டுக்கும் பின் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ். முன்னால் பம்பு, பின்னால் இன்வெர்ட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து எல்லை தாண்டும். இதற்குத் தீர்வு பெரிய ஃபியூஸ் கிடையாது. ஒன்றைக் கழற்றுவது அல்லது பேட்டரியிலிருந்தே தடித்த வயரும் தனி ஃபியூஸும் போட்டுக்கொள்வது.

இன்னொன்று. ஃபியூஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன் பிளக்கையே ஒருமுறை பார்ப்பது நல்லது. பல பிளக்குகளின் நுனி மூடியைத் திருகினால் உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். போனது காரின் ஃபியூஸா, பிளக்கின் ஃபியூஸா என்று தெரியாமலே பல மணி நேரம் தேடியவர்கள் உண்டு. அதே சார்ஜரை வேறொரு காரில் செருகிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கார் ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்றால், பெட்டி மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். அதில் எழுதியிருக்கும் அதே எண், அதே நிறம். அவ்வளவுதான் விதி.

இனி?

பல புதிய கார்களில் வட்டத் துளைக்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. துளைகள் வந்துவிட்டன. சிலவற்றில் வட்டத் துளையே இல்லை. 2024 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய செல்போன்களுக்கு யு.எஸ்.பி.-சி துளை கட்டாயம். சார்ஜருக்காக லைட்டர் துளையைத் தேடும் காலம் மெல்ல முடிகிறது. டயர் பம்பு போன்ற பெரிய சுமைகளுக்கு மட்டும் அது மிஞ்சலாம்.

ஃபியூஸும் மாறுகிறது. 2017ல் வந்த டெஸ்லா மாடல் 3 காரில் 12 வோல்ட் சுற்றுகளுக்கு உருகும் ஃபியூஸுக்குப் பதில் மின்னணு ஃபியூஸ்கள் இருக்கின்றன. அளவு மீறினால் அவை தாங்களே துண்டித்துக்கொள்ளும், உருகிப்போவதில்லை. பெரியதாக மாற்றிப் போடவும் வழியில்லை. நீளத்தால் காவல் காத்த பழைய கண்ணாடி ஃபியூஸின் பிடிவாதம் வேறு ரூபத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கார்களில் இன்னும் அந்தத் துளையும் இருக்கிறது, அந்த நிறநிறமான ஃபியூஸ்களும் இருக்கின்றன. 1847ல் தந்தி நிலையத்தில் வைக்கச் சொன்ன அதே மெல்லிய கம்பிதான் அவற்றுக்குள் இருப்பது. அது அறுந்தால் யாரோ எங்கோ அளவு மீறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த முறை சார்ஜ் ஏறவில்லை என்றால் கடைக்காரரிடம் "பெருசா ஒண்ணு குடுங்க" என்று கேட்காமல், போன ஃபியூஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். பட்டை உருகியிருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பதிலிருந்தே தேடலைத் தொடங்கிவிடலாம்.